கணக்கில் வராதவர்கள்

போஸ்னியாவில் போர் மூண்ட கோடையில், எசாத்தையும் அவன் மனைவியின் தம்பி யாசென்கோவையும் எதிர்த்தரப்புப் படையினர் ஒன்றாகப் பிடித்து, மூடிக்கிடந்த செங்கல் ஆலையில் அடைத்தார்கள். காவலர்களிலும் தெரிந்த முகங்கள் இருந்தன. அவர்களில் ரான்கோ, மர ஆலை மேஸ்திரியான எசாத் வேலைக்குப் போய்வந்த பேருந்தில் கண்டக்டராக இருந்தவன்.

ஒருநாள் காலையில் புது வைக்கோல் வந்தது. சோப்பு வந்தது. ரொட்டித் துண்டு வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது. தின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்விட்சர்லாந்திலேருந்து விருந்தாளி வர்றாங்க மேஸ்திரி. முகத்தைக் கழுவிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி இருங்க" என்றான் ரான்கோ.

பிறகு பின்வாசலில் ஒரு பேருந்து வந்து நின்றது. அடிபட்ட அடையாளம் வெளியே தெரிகிறவர்களை மட்டும் பொறுக்கி ஏற்றினார்கள். யாசென்கோவின் இடது கண் வீங்கி மூடியிருந்தது. அவனும் ஏறினான்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று எசாத் கேட்டான்.

"சுற்றுலா. உங்க மச்சானுக்குக் கொஞ்சம் காத்து வேணாமா? நீங்கள்லாம் ஒழுங்கா இருந்தா சாயங்காலம் வந்துடுவான். யாராவது வாயைத் திறந்தா, இந்த வண்டி திரும்பி வர்ற வண்டி இல்ல."

மதியம் வெள்ளை வண்டிகள் வந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் பெண் அதிகாரி வெரேனா, திக்கித் திக்கி என்றாலும் அவர்கள் மொழியிலேயே பேசினாள். கைதிகளை ஒவ்வொருவராகத் தனியே பார்க்க வேண்டும், காவலர் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றாள். முகாம் தலைவன் முன்பு வக்கீலாக இருந்தவன். சிரித்தபடியே பதில் சொன்னான்: "தாராளமா பாருங்க மேடம். ஆனா இவங்க போர்க்கைதிங்களே இல்ல. விசாரணைக்காக வச்சிருக்கோம். உங்க ஜெனீவா ஒப்பந்தம் இவங்களுக்குப் பொருந்தாது."

"என்ன பேர் வச்சு அடைச்சாலும் அடிக்கக் கூடாது. அதுவும் அதிலேயேதான் இருக்கு" என்றாள் அவள்.

எசாத்தின் முறை வந்தது. பழைய சாமான் அறையில் இரண்டு நாற்காலிகள். அவள் அவனுடைய பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"அடுத்த தடவை வரும்போது நீங்க எங்கன்னு கேப்பேன். அவங்க பதில் சொல்லியாகணும்."

"எழுதாம விட்டவனை?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அவனைப் பத்தி எனக்குக் கேக்கத் தெரியாதே. எல்லாரையும் ஒரே அளவு நேரம் இங்க உட்கார வைக்கிறேன். யார் சொன்னாங்கன்னு வெளியே தெரியாது. ஆனா முடிவு உங்களோடது. சொல்லுங்கன்னு நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

சொன்னால் யாசென்கோவைக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால், கொன்றாலும் ஏன் என்று கேட்க ஆளிருக்காது. எசாத் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலே எழும்பாமல் பேருந்தைப் பற்றிச் சொன்னான். தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களையெல்லாம் சொன்னான். யாசென்கோவின் பெயரைக் கடைசியாகத்தான் சொல்ல முடிந்தது.

கிளம்பும்போது, முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் வெரேனா அந்தப் பெயர்களைத் தலைவனிடம் படித்தாள். "வெளியில அவங்க குடும்பங்க தேடுறாங்க. இங்கதான் இருக்காங்கன்னு தகவல். ஒருத்தரையும் நான் பாக்கலையே."

"அப்படி யாரும் இங்க கிடையாது. இருட்டறதுக்குள்ள போயிடுங்க மேடம். ரோட்டுல சுடுவாங்க. அதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"போறேன். காலையில திரும்ப வருவேன்."

வண்டிகள் போனதும், கைதிகள் இருந்த கொட்டகைக்குள் ரான்கோ வந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தான். எசாத்துக்கு முன்னால் நின்றான்.

"யாரு மேஸ்திரி அது?"

"என்ன கேக்கற, புரியலையே."

ரான்கோ அவன் சட்டைக் காலரை மெதுவாக நேராக்கிவிட்டுப் போனான்.

மேற்கே வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தபோது பேருந்து வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். யாசென்கோவின் உடம்பெல்லாம் செம்மண். எசாத்தின் பக்கத்தில் வந்து படுத்தான்.

"கல்குவாரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க மச்சான். குழி வெட்டச் சொன்னாங்க. நீளமா. நெஞ்சளவு வந்தப்புறம், மேல ஏறாதீங்கன்னு சொல்லிட்டாங்க. அப்போ ஒயர்லெஸ்ல யாரோ கூப்பிட்டாங்க. ரொம்ப நேரம் சண்டை. அப்புறம் வண்டியில ஏறுங்கன்னாங்க."

"குழி?"

"மூடச் சொல்லல. மண்வெட்டியையும் அங்கயே விட்டுட்டு வரச் சொன்னாங்க."

வெரேனா சொன்னபடியே காலையில் வந்தாள். நேற்று இல்லாதவர்கள் எப்படித் திடீரென்று முளைத்தார்கள் என்று அவளும் கேட்கவில்லை, தலைவனும் சொல்லவில்லை. யாசென்கோவின் பெயர் எழுதப்பட்டது. யார் சொன்னது என்று தெரியாததால் கொட்டகைக்கே இரண்டு நாள் ரொட்டியை நிறுத்தினார்கள்.

இலையுதிர் காலத்தில் கைதிப் பரிமாற்றத்துக்கு ஏற்பாடானது. பெயர் எழுதப்பட்டவர்களை எல்லைப் பாலத்துக்குக் கொண்டுபோகப் பேருந்துகள் வந்தன. எசாத் ஜன்னலோரம் உட்கார்ந்தான். அதே நேரத்தில் ஒரு லாரி உள்ளே நுழைந்தது. எந்த ஊர்க்காரர்களோ, கைகளைப் பின்னந்தலையில் வைத்தபடி இறங்கினார்கள். ரான்கோ அவர்களைப் பின்வாசல் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இவங்களை யாருக்காவது தெரியுமா?" என்றான் யாசென்கோ.

எசாத் ஜன்னலை இறக்கி, பேருந்தை ஒட்டி நடந்துவந்த ஒருவனிடம் தணிந்த குரலில் கேட்டான்: "உன் பேரென்ன? சீக்கிரம் சொல்லு."

அவன் மிரண்டு பார்த்தான். இரண்டடி நடந்தபின் தலையைத் திருப்பாமலே சொன்னான். "முனிப் தெலாலிச்."

மற்றவர்களைக் கேட்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. பாலம் வரும்வரை எசாத் அந்தப் பெயரை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் பட்டியலோடு நின்ற செஞ்சிலுவைச் சங்க ஆள், அவன் பெயரைக் கேட்டார்.

"என் பேரு இருக்கட்டும். முதல்ல இதை எழுதுங்க" என்றான் எசாத்.