சிங்காரப்பேட்டையில் அழுதவள்

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. நாடகப் பேச்சு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் என் வாயால் நடந்ததுதான்.

பேரிகையில் அக்பர் பாஷாவின் புளி மண்டியில் எங்களுக்கு வேலை. மாசி பிறந்தால் சுற்றுப்பட்டு ஊர்ப் புளியெல்லாம் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். பத்து நாளில் கை தானாக அதைச் செய்யப் பழகிவிடும். வாய்க்கு வேலை இல்லை. அந்த வருஷம் சந்தைத் திடலில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டு இருபது நாள் ஆகியிருந்ததால், வாய்க்கும் வேலை கிடைத்தது.

மண்டியில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாஷாவின் மனைவி காத்தூன் அம்மாவுக்கு நாடகம் என்றால் உயிர். ஆனால் கொட்டகைக்குப் போய் உட்காருகிற பழக்கம் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. அதனால் நாங்கள் பார்த்துவிட்டு வந்து மறுநாள் அவளுக்கு முதல் சீனிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். ஒருத்தி சொல்லுவாள், மற்றவர்கள் குறுக்கே விழுந்து திருத்துவார்கள். ராஜா எப்படி நடந்தான் என்றால் நடந்து காட்ட வேண்டும். ராணி எப்படி மயங்கி விழுந்தாள் என்றால் சாக்கு மேல் விழுந்தே காட்ட வேண்டும். பெரும்பாலும் சொல்லுகிறவள் நான்தான். மற்றவர்கள் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

அப்போது எல்லைக்கோடு எந்தப் பக்கம் போகும், நாம் மைசூருக்கா மதராசுக்கா என்று ஊர் ஆண்களெல்லாம் டீக்கடையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மண்டியில் சண்டை கிரீடத்தைப் பற்றி. பெங்களூர்க் கம்பெனிக் கிரீடம் போல வருமா என்பாள் கெம்பம்மா. அவள் கன்னடக்காரி. கிரீடம் நல்லா இருந்து என்ன, அதுக்குக் கீழே ஒரு மூஞ்சி வேண்டாமா என்பேன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். நான், கெம்பம்மா, நாகம்மா, சம்பங்கி, மூட்டை மேல் டீ லோட்டாவோடு காத்தூன் அம்மா.

சம்பங்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு வருஷம் முன்னால் ஒரு மகளோடு பேரிகைக்கு வந்தவள். புருஷன் கோலார்ச் சுரங்கத்தில் செத்துப் போனான் என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். இடது கை முழங்கையில் மடங்கியபடியே இருக்கும், நீட்ட வராது. சின்ன வயசில் புளியமரத்திலிருந்து விழுந்தேன் என்பாள். மகள் வெள்ளையம்மாவுக்கு அப்போது பதினேழு வயது. அந்த வார வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு நிச்சயதாம்பூலம். மாப்பிள்ளை நாகம்மாவின் மகன் எல்லப்பன், ஓசூர் மாட்டுப் பண்ணையில் நிரந்தர வேலை, கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது. நாகம்மாவுக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்தது பெரிய விஷயம். ஜாதி, குலம் எல்லாம் விசாரித்து முடித்து, நாகம்மா சம்பங்கியை அப்போதே ‘சம்மந்தி’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சம்பங்கி கோலாரையே பார்த்தவள் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். அவள் ஒரு நாடகக் கம்பெனியில் ஸ்திரீபார்ட் ஆடியவள். புருஷன் அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துக் காசநோயில் போனான். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பிறந்த ஊரான சிங்காரப்பேட்டையில் திருவிழாவுக்குப் போனபோது அவளை மேடையில் பார்த்திருந்தேன். அவள் பேரிகைக்கு வந்த முதல் வாரமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கும் முன்னே கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, எனக்குன்னு ஒரு பொண்ணு இருக்குது. கூத்தாடி மவள்னா எவன் கட்டுவான்?” என்றாள். மாரியம்மன் மேல் ஆணையாகச் சொல்ல மாட்டேன் என்றேன். ஆறு வருஷம் சொல்லவில்லை. அவளிடம்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என் வாய்க்கு அது எவ்வளவு பெரிய விரதம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முந்தின நாள் நாடகம் ‘ராணி சௌந்தரவல்லி’. பழைய கதைதான், எல்லாக் கம்பெனியும் போடுவது. ராஜா சந்தேகப்பட்டு ராணியைக் காட்டுக்கு விரட்டுகிறான். காட்டில் கைக்குழந்தை தாகத்தால் செத்துப் போகிறது. ராணி அழுகிற சீன் ஒன்று உண்டு. அந்தச் சீனுக்காகத்தான் ஜனங்கள் வருவார்கள்.

“ராஜாவோட மீசை ஒரு பக்கம் கழண்டு தொங்குச்சு. அதோடயே அவளுக்குச் சாபம் குடுத்தான்” என்று ஆரம்பித்தேன். காத்தூன் அம்மா சிரித்து டீயைச் சிந்திக்கொண்டாள்.

“மீசையை உடு. அந்த ராணிக்காரி அழுதா பாருங்க, எனக்கு இன்னும் நெஞ்சு அடைக்குது” என்றாள் நாகம்மா. “ரெண்டு தடவ ஒன்ஸ்மோர் கேட்டாங்க. ரெண்டு தடவையும் மொதல்லருந்து அழுதா. கண்ணுலருந்து கொட்டுச்சு.”

எனக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வந்தது. “கிளிசரின் போட்டா நானும் கொட்டுவேன். படுதா தூக்கும்போதே அழுதுக்கிட்டு வந்தா. புள்ள அப்ப சாவவே இல்ல!”

“உனக்கு எதுதான் புடிச்சுது? போன வாரம் மாமியார் நாடகமும் மட்டம்னே. பபூன் மட்டம்னே. ஆர்மோனியக்காரன் மட்டம்னே.”

“மட்டத்த மட்டம்னுதான் சொல்வாங்க.”

“இந்தப் பேரிகையை விட்டு எங்கப் போயி பாத்தே நீ இதவிடப் பெருசா?” நாகம்மா சுத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “என்னமோ மதராஸ் பட்டணத்துல பொறந்தவளாட்டம்!”

கெம்பம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சம்பங்கி மட்டும் தலையைக் குனிந்து தட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன், அது உண்மை. வாயை மூடு செல்வம்மா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை.

“நான் பாத்திருக்கறேன்” என்றேன். “சிங்காரப்பேட்டையில. எட்டு வருஷம் முந்தி.”

சம்பங்கியின் சுத்தி கொட்டையில் படாமல் கல்லில் பட்டது.

“எப்படி அழுதா? சொல்லு செல்வம்மா” என்று காத்தூன் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

“அது எதுக்கும்மா இப்ப, பழைய கதை” என்றேன். அந்த இடத்தில் நின்றிருக்கலாம். ஆனால் நாகம்மா, “ஒண்ணும் இருக்காது. சும்மா அளக்கறா” என்றாள்.

அவ்வளவுதான். அளக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே!

“கேளு. அவ அழவே இல்ல” என்றேன். “புள்ள செத்துப் போச்சு. மடியில போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. வழியில போறவன் ஒருத்தன் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தான். புள்ள போனப்புறம் தண்ணி வருது, பாத்துக்க. அந்தத் தண்ணிய வாங்கி புள்ள மூஞ்சியக் கழுவுனா. மெதுவா. காதுக்குப் பின்னால கூடக் கழுவுனா. அப்புறம் தலை சீவி உட்டா, திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போறாப்பல. கொட்டகையில ஒரு சத்தம் இல்ல. விசில் அடிக்கறவன் கூட வாயில வெரலை வெச்சுக்கிட்டு அப்படியே இருக்கறான். என் பக்கத்துல இருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தியா எழுந்து வெளிய போயிட்டாங்க. தாங்க முடியல அவங்களுக்கு. எல்லாம் சீவி முடிச்சுட்டு, அந்தப் புள்ளையைத் தூக்கி இப்படி…”

தூக்கிக் காட்டினேன். மடியிலிருந்த புளிக்கூடையை வலது கையால் மார்போடு அணைத்தேன். இடது கையை அதன் தலைக்கு மேல் கொண்டுபோனேன். அந்தக் கை நீளவில்லை. எட்டு வருஷமாகக் கண்ணுக்குள் வைத்திருந்த மாதிரியே, முழங்கையில் மடங்கி, உள்ளங்கை உள்ளே திரும்பி, பாதி வழியில் நின்றது.

நான் செய்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கையைக் கீழே போட்டேன். ஆனால் சுத்திச் சத்தம் எல்லாம் நின்றுபோயிருந்தது. அந்தக் கையைத் தினமும் பார்க்கிறவர்கள்தானே எல்லோரும். கெம்பம்மா சம்பங்கியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

நாகம்மா நிதானமாகக் கேட்டாள். “அவளுக்குக் கை எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருக்கும்? எல்லாருக்கும் இருக்கறாப்பலதான். நான்தான் கை மரத்துப் போயி…”

“சும்னிரு” என்றாள் கெம்பம்மா என் காதருகில். சும்மா இரு என்று. ஆறு வருஷம் இருந்ததை இன்னும் கால் நாழிகை இருந்திருக்கக் கூடாதா நான்.

“சம்பங்கி” என்றாள் நாகம்மா. சம்மந்தி என்று சொல்லவில்லை. “நீ கோலாருல எந்த லைன் வீட்ல குடியிருந்தே?”

சம்பங்கி கல்லிலிருந்த புளியைப் புரட்டிப் போட்டாள்.

“வேண்டாம், அத உடு. அந்த நாடகக்காரி நீ இல்லேன்னு உம் பொண்ணு மேல சத்தியம் பண்ணு. போதும் எனக்கு. வெள்ளிக்கிழமை தட்டோட வர்றேன்.”

பண்ணிவிடு, பண்ணிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. பொய்ச் சத்தியத்துக்குப் பரிகாரம் உண்டு, அம்மனுக்கு மாவிளக்குப் போடலாம், அந்தப் பாவத்தை என் தலையில் வைத்துக்கொள்கிறேன். காத்தூன் அம்மா எழுந்து நின்றாள். “நாகம்மா, இது என்னா பேச்சு? வேல பாக்கற எடத்துல…” என்று தொடங்கியதை நாகம்மா காதில் வாங்கவில்லை. சம்பங்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பங்கி சுத்தியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“அவ மேல பண்ண மாட்டேன்” என்றாள். “நான்தான் அது.”

நாகம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, சண்டையில் பாதி கரைந்திருக்கும். அவள் கத்தவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“உன்ன நானும் பாத்திருக்கறேன்” என்றாள். “மத்தூர் சந்தையில. மூஞ்சியில பவுடரு, தலையில கிரீடம், அதனால அடையாளம் தெரியல. கை மடங்குனதையும் நடிப்புன்னுதான் நெனச்சேன். நீ புள்ளைக்குத் தலை சீவுனப்ப, என் மடியில எல்லப்பனுக்கு அடுத்தவன் காய்ச்சலோட கெடந்தான். அழுதுட்டேதான் ஊட்டுக்குப் போனேன். பொய் சொல்லல.” மூக்கை உறிஞ்சினாள். “அழுதது வேற. சம்மந்தம் வேற. கூத்தாடி ஊட்டு மாப்பிள்ளைன்னு எம் பையன பண்ணையில நாலு பேர் சொன்னா, அவன் அங்க தலை நிமிந்து நிப்பானா? நீ தப்பானவள்னு நான் சொல்லல. ஊரு வாய என்னால மூட முடியாது.”

“நாகம்மா, நான் சொல்றத…” என்று அவள் கையைப் பிடித்தேன்.

“நீ இன்னும் சொல்றதுக்கு என்னா வெச்சிருக்கற?” என்று கையை உதறினாள். தன் சுத்தியையும் சோற்றுத் தூக்குப் போசியையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஊரு வாய் என்று அவள் சொன்னது என்னைத்தான் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

அதற்கப்புறம் மத்தியானம் வரை வேலை நடந்தது. சம்பங்கி தன் பங்குப் புளியைத் தட்டி முடித்து, கொட்டையைத் தனியாக வாரி, இடத்தைக் கூட்டி, பிறகுதான் எழுந்தாள். காத்தூன் அம்மா அவள் கையில் எதையோ கொடுக்க வந்தாள். வேண்டாம் அம்மா என்று நகர்ந்துவிட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். ஏரிக்கரை வழியாக அவள் வேகமாக நடந்தாள். வெயில் உச்சியில் இருந்தது. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், “சம்பங்கி, என் நாக்கு அழுகிப் போவணும். செருப்பால அடிடி என்னை” என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் திரும்பவில்லை. நாகம்மா காலில் விழுகிறேன் என்றேன். எல்லப்பனைப் பண்ணைக்கே போய்ப் பார்த்துப் பேசுகிறேன் என்றேன். அதெல்லாம் நடக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் வீட்டுக்கு நாலு எட்டு இருக்கும்போது நின்றாள். உள்ளே வெள்ளையம்மா ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. என்னை அடிப்பாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

“அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு” என்றாள். “அந்தப் பொம்பளைங்க தாங்க முடியாமத்தான் எழுந்து போனாங்களா?”

எனக்கு அவள் என்ன கேட்கிறாள் என்றே முதலில் புரியவில்லை.

“நான் அழற சீனுல பொம்பளைங்க பாதிப் பேரு எழுந்து போறாங்க, உன் நடிப்பு எடுபடலன்னு சொல்லித்தான் முதலாளி சிங்காரப்பேட்டையோட என்னை நிறுத்தினாரு. எம் புருஷனும் செத்து, வேல இல்லாம, பொண்ண இழுத்துக்கிட்டு எங்கெங்கயோ திரிஞ்சேன். எனக்கு நடிக்க வரலன்னுதான் எட்டு வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

ஆறு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டியிருக்கிறேன். ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், இதை அவளிடம் மட்டும் சொல்லியிருக்கலாம்.

“நானும் எழுந்து போனவதான்” என்றேன். “கொட்டகைத் தட்டிக்கு வெளிய நின்னுதான் மிச்சத்தப் பாத்தேன். உள்ள உக்கார முடியல.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது எனக்குத்தான்.

“அப்ப நல்லாத்தான் பண்ணியிருக்கறேன்” என்றாள். பிறகு மகளிடம் சொல்ல உள்ளே போனாள்.