மெலிந்த ஓரம்

ரம்பம் ஓடும்போதுகூட மாமாவுக்கு வாய் ஓயாது. அந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. அக்காவைக் கட்டிய நாள்முதல் மச்சினனைக் கூடவே வைத்துக்கொண்டு பெரிய மரங்களைப் பலகையாக அறுத்துக் கொடுக்கிறார். செயின் ரம்பத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டி, கிடக்கும் மரத்தின்மேல் தள்ளிக்கொண்டே போவது மாமாவின் வேலை. சட்டத்தின் இரண்டு பக்க நட்டையும் முடுக்கி, பலகையின் கனம் மாறாமல் நிறுத்தி வைப்பது மச்சினனின் வேலை.

இரண்டு மாதமாக மாமாவின் வலது கை லேசாக நடுங்குகிறது. "கைக்கு மட்டும் தனியா குளிருதுடா" என்று சிரிப்பார். அக்கா இப்போதெல்லாம் டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறாள். அதையும் கவனிக்காதவர்போலக் குடித்துவைப்பார்.

அன்று அறுத்தது மூன்றடி அகல மரம். அதன் நடுப்பலகையை ஒரு நீள மேசைக்காகத் தச்சர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். அறுத்து முடித்ததும் மாமா தண்ணீர் குடிக்கப் போனார். மச்சினன் சட்டத்தைத் தூக்கினான். இடப்பக்க நட்டு விரலோடு சுற்றியது.

காலையில் போனில் அரட்டை அடித்துக்கொண்டே ஒரு பக்கத்தை முடுக்கியவன், மறுபக்கத்தை மறந்தே போயிருந்தான். என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் கை ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கிவிட்டது.

தச்சர் வந்தார். பலகையின் இந்த ஓரத்தில் டேப்பை வைத்தார், அந்த ஓரத்தில் வைத்தார்.

"இங்க ரெண்டு இஞ்ச் இருக்கு. அங்க போகப்போக ஒண்ணேகால்தான். மேசைக்கு ஆகாதுங்க."

மாமா பலகையைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார். மச்சினன் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தச்சர் முன்னால் மானம் போகுமே, அவர் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான். அயோக்கியத்தனத்துக்குச் சாக்குக் கிடைப்பதா கஷ்டம்?

தச்சர் போனதும் மாமா கையுறையைக் கழற்றி மச்சினனிடம் நீட்டினார்.

"இனிமே நீயே ஓட்டு மாப்ள. இன்னிக்குப் பலகை போச்சு. நாளைக்கு உன் கால் போச்சுன்னா உங்க அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மாமா, உங்க கை இல்ல. நட்டு லூஸா இருந்துச்சு. நான்தான் முடுக்கல."

மாமா போய் நட்டைத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். அப்போதும் அசையவில்லை.

"இப்பத்தான் நான் இறுக்கினேன் மாமா. சத்தியமா!"

மாமாவின் கண் கலங்கிவிட்டது. அவன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஸ்பீக்கரில் அக்காவுக்குப் போன் போட்டார்.

"இன்னியோட சரி, இனிமே ரம்பத்தைத் தொடமாட்டேன். கை நம்மள ஏமாத்திடுச்சு. உன் தம்பி என்ன பண்றான் தெரியுமா? பழிய தன் தலைல போட்டுக்கிறான்."

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க," என்றாள் அக்கா. அழுகிறாள் என்பது போனிலேயே தெரிந்தது. "யாரும் நோகக்கூடாதுன்னு நினைப்பான்."

"அக்கா, நான் நிஜமாத்தான் சொல்றேன்!" என்று மச்சினன் கத்தினான்.

"போதும்டா," என்றார் மாமா. "நீ நல்லவன்னு எங்களுக்குத் தெரியும்."