தொட்டிக்கு வெளியே நிற்பவள்

"உடம்பு முடியாதவங்க இப்பவே சொல்லிடுங்க. உள்ளே இறங்கின பிறகு சொல்லாதீங்க."

பயிற்றுநர் பிரேம் கேட்டார். ஜூரோங் பயிற்சிக்கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த மாதம் வரச் சொல்வார்கள். அடுத்த மாதம் வரை எந்த வேலை காத்திருக்கும்?

கமலத்துக்கு ஐம்பது கடந்துவிட்டது. தேக்கா கடைத்தெருவில் அவள் புடவை மடித்த கடையை மூடிவிட்டார்கள். சான்றிதழ் இருந்தால் கப்பல் பட்டறையில் தொட்டிக் காவலர் வேலை உண்டு. ஆள் இறங்கிய இரும்புத் தொட்டியின் வாயருகே நின்று, உள்ளிருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று கண் விலகாமல் பார்ப்பதே அந்த வேலை. இரண்டு நாள் வகுப்பு, இன்று தேர்வு. மயக்கம் தரும் என்று பயந்து இரத்த அழுத்த மாத்திரையைக்கூட அவள் விழுங்காமல் வந்திருந்தாள்.

பக்கத்தில் அமர்ந்திருந்த நாகூர் கனி மெல்லக் குனிந்தார். "நான் நோன்பு, கமலம்மா. சொல்லிடாதீங்க, வெளியே உக்கார வச்சிடுவாங்க."

"நான் யாருகிட்ட பாய் சொல்லப் போறேன்? நானே மாத்திரை போடல."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். நோன்பு அவர் நெஞ்சின் நம்பிக்கை. அதை மறைக்கச் சொன்னது எது? மருந்து அவள் உயிரின் காவல். அதை மறுக்கச் சொன்னது எது? 'நீ வேண்டாம், போ' என்ற ஒரு சொல்லுக்கு உழைப்பவர் நடுங்கும் நடுக்கம்!

தேர்வு தொடங்கியது. முற்றத்தில் இருந்த பயிற்சித் தொட்டிக்குள் கனி இறங்கி மயங்கியதுபோல் நடிக்க வேண்டும். கமலம் விசில் ஊதி, அடுத்துச் செய்யவேண்டியவற்றை வாயால் ஒப்பிக்க வேண்டும். என்ன நேர்ந்தாலும் அவள் கால் தொட்டிக்குள் போகக் கூடாது. காப்பாற்றக் குதித்தவர்களே அதிகம் செத்திருக்கிறார்கள் என்று பிரேம் சொல்லியிருந்தார். தொட்டியருகே சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். மெய்யான ஆபத்துக்கு மட்டும் அது.

"சும்மா அமுக்கினா பெயில்," என்றார் பிரேம். "ஞாபகம் இருக்கட்டும்."

கனி தலைக்கவசத்தைக் கழற்றி, அடியில் இருந்த வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்து, கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கினார். நேற்று அந்தத் தொப்பியைக் கழற்றும்போதெல்லாம் தரையில் படவிடாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்ட மனிதர் அவர்.

உள்ளே வெயிலில் காய்ந்த இரும்பு தகித்தது. சிறிது நேரத்தில் அவர் சரிந்தார். கமலம் விசிலை ஊதினாள்.

"அங்கிள் ஓவர் ஆக்டிங் லா!" பின்னாலிருந்து திவ்யதர்ஷினி கத்தினாள். வகுப்பில் அவள்தான் இளையவள். எல்லாரும் சிரித்தார்கள்.

கமலம் ஒப்பிக்கத் தொடங்கினாள். பிரேமின் பேனா மதிப்பெண் இட்டது. எல்லாம் சரியாகப் போயிற்று. அப்போது தலைக்கவசம் உருண்டது. வெள்ளைத் தொப்பி துருத் தண்ணீரில் விழுந்து ஊறியது. பக்கத்திலேயே கிடந்த அவர் கை அதை எடுக்க அசையவில்லை.

நடிப்பாக இருந்தால் தேர்வு போகும், வேலை போகும். நடிப்பில்லை என்றால்? அவள் கால் தானாக ஏணிப்படியைத் தேடிற்று. இழுத்துக்கொண்டாள். பொத்தானை அமுக்கினாள்.

சைரன் அலறியது.

"என்ன பண்றீங்க?" பிரேம் எழுந்தார்.

"அவர் நோன்பு சார்! நிஜமாவே விழுந்துட்டாரு!"

மீட்புக் குழு ஓடிவந்து அவர் இடுப்புப் பட்டையில் கட்டியிருந்த கயிற்றின் உருளையைச் சுழற்றி அவரை மேலே தூக்கியது. முகம் சாம்பல் பூத்திருந்தது, மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது கண் திறந்து, "பெயிலா?" என்றார் கனி. சாவைத் தொட்டுத் திரும்பியவர் கேட்ட முதல் கேள்வி அது!

நெடுநேரம் கழித்து பிரேம் அவளிடம் வந்தார். குரல் இளகியிருந்தது. "காவல் நல்லா பண்ணீங்க அக்கா. எல்லாரையும் போல நீங்களும் ஒரு தடவை உள்ளே இறங்கி ஏறணும், அவ்வளவுதான். இன்னைக்கே சர்டிபிகேட். ரெடியா?"

தொட்டியின் கறுத்த வாய் திறந்தே இருந்தது. காதுக்குள் இரத்தம் இடித்தது. தலையாட்டினால் போதும், வேலை அவளுடையது. காலையிலும் அப்படித்தானே வாய்மூடி இருந்தாள்?

"சார்," என்றாள். "நான் பிரஷர் மாத்திரை போடல. கிறுகிறுன்னு வருது. இன்னைக்கு இறங்க மாட்டேன்."

அவள் காதில் விழுந்தது, பின்னால் யாரோ இடுப்புப் பட்டையைக் கழற்றும் ஓசை.

"சார்," என்றாள் திவ்யதர்ஷினி, "எனக்கும் நேத்துலேருந்து காய்ச்சல்."