ஈயத்தின் முதல் சுற்று

கீத் அந்த இசைத்தட்டை நான் இல்லாத நேரத்தில் வாங்கியதுகூடப் பரவாயில்லை. அதை ஷர்வினோடு உட்கார்ந்து கேட்டுவிட்டான் பாருங்கள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே கீத்துக்கும் எனக்கும் பங்க், நாய்ஸ் ராக் மாதிரி இரைச்சல் இசை என்றால் பைத்தியம். கிட்டார் எவ்வளவு அலறுகிறதோ அவ்வளவு இன்பம். எங்களில் யார் ரெக்கார்ட் வாங்கினாலும், முதல் தடவை ஊசியை வைக்கும்போது இருவரும் கூட இருக்க வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் காத்திருப்பான். கீத் வேலைப் பயிற்சிக்குச் சபா மாநிலத்துக்குப் போயிருந்தபோது எனக்குத் தபாலில் வந்த தட்டை நான் பிரிக்காமல் அலமாரி மேல் வைத்திருந்தேன். தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்றேன். நான் மடையன்தானே!

அதிலும் இது சாதாரணத் தட்டா? 'ஈயம்' ஐயா, ஈயம்! பத்து காஜா என்ற ஊர்ப் பிள்ளைகள் தமிழில் பாடிய நாய்ஸ் ராக் குழு. ஒரே ஒரு தட்டு போட்டார்கள், கொஞ்சம் விற்றார்கள், சண்டை போட்டுக்கொண்டு கலைந்துவிட்டார்கள். இணையத்தில் ஒரு துண்டுப் பாட்டு கிடையாது. யாரோ எடுத்துப் போட்ட அட்டைப் படத்தை மட்டும் போனில் வைத்துக்கொண்டு, ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒவ்வொரு பழைய பெட்டியாகக் குனிந்து கிளறியிருக்கிறோம். முதுகு போனதுதான் மிச்சம்.

போன ஞாயிறு தைப்பிங்கில் அக்கா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? போகாமல் இருக்க முடியுமா? பிள்ளை என் மடியில் வீரிட்டுக் கொண்டிருந்த நேரத்தில் கீத் சந்தையில் ஈயத்தைத் தூக்கிவிட்டான். ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. மறுநாள் ஒரு வீட்டில் ஏர்கான் கழுவிக்கொண்டிருந்தேன், அதுதான் என் பிழைப்பு. ஏணியில் நின்றபடி போனைப் பார்த்தால் ஷர்வின் படம் போட்டிருக்கிறான். ஈயத்தின் சாம்பல் நிற லேபிள் கீத்தின் டர்ன்டேபிளில் சுற்றுகிறது. ஓரத்தில் கீத்தின் கால் கட்டைவிரல். அடப்பாவி!

இந்த ஷர்வின் கோலாலம்பூரிலிருந்து மாற்றலாகி வந்தவன். பெரிய கார், கேட்டே இராத குழுக்களின் பெயர் போட்ட பனியன்கள். வந்த கொஞ்ச நாளிலேயே 'ப்ரோ, ப்ரோ' என்று கீத்தோடு அட்டையாக ஒட்டிக்கொண்டான். கீத்தும் பல்லை இளித்துக்கொண்டு அவன் காரில் ஏறுகிறான். என் பழைய வேன் கசக்கிறது போலும்.

வேலை முடிந்ததும் ஈரச் சட்டையோடு நேரே கீத் வீட்டுக்கு வேனை விட்டேன். முன்பு ரப்பர் பால்மரம் நின்ற இடம், இப்போது வரிசை வீடுகள் நிற்கும் தாமான். அவன் அம்மா எல்ஸிதான் கதவைத் திறந்தார்.

"வாப்பா கனகு. நேத்து நீ வரலியா? மாடு கத்துற மாதிரி ஒரு பாட்டு போட்டானுங்க. பக்கத்து வீட்டம்மா வந்து, என்னாங்க மோட்டரு ரிப்பேரான்னு கேட்டுச்சு லா."

உள்ளே ஷர்வின் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் நாற்காலியில்!

"கனகு ப்ரோ, மிஸ் பண்ணிட்டீங்க லா! பாடுற ஆளு குரல் இருக்கே, பாதாளத்துல இருந்து வர்ற மாதிரி. செம ஹெவி!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீத் தட்டை என்னிடம் நீட்டினான்.

ஓரத்தைப் பிடித்து வாங்கினேன். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். தட்டு தயாரிக்கிறவர்கள் சில சமயம் அங்கே ஏதாவது கீறி வைப்பார்கள். போன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். '45-இல் ஓட்டவும்' என்று பொடி எழுத்தில் இருந்தது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று.

டர்ன்டேபிளைப் பார்த்தேன். வேகப் பொத்தான் முப்பத்து மூன்றில் நின்றது. பெரிய தட்டு என்றாலே முப்பத்து மூன்றுதான் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். ஓட வேண்டிய பாட்டை நடக்க விட்டுக் கேட்டிருக்கிறார்கள், மடப் பயல்கள். நாய்ஸ் ராக் ஆயிற்றே, எப்படி ஓடினாலும் இரைச்சல்தான், இருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பது? அப்படியானால் ஈயத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. கீத் எனக்காக ஒரு பாட்டை அதே மெதுவான வேகத்தில் போட்டான். மாடு கத்தியது. ஷர்வின் கண்ணை மூடி ரசித்தான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிய மனிதன் மாதிரி தலையாட்டினேன். தட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு, சரியான வேகத்தில் நான் மட்டும் கேட்பேன். என்னை விட்டுக் கேட்டான் அல்லவா, நானும் அவனை விட்டுக் கேட்கிறேன்.

ஷர்வின் எல்லோருக்கும் சாப்பாடு தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினான். கார் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்தேன்.

"மச்சான், ரெண்டு நாளைக்கு இத நான் எடுத்துட்டுப் போறேன்."

"எடுத்துட்டுப் போயேன். முதல்ல உக்காரு," என்ற கீத், பொத்தானை நாற்பத்தைந்துக்குத் தள்ளினான்.

தட்டின் உறையை மடியில் வைத்துக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பொடி எழுத்த சந்தையிலயே படிச்சிட்டேன்டா," என்றான். "உனக்கு போன் போட்டா காது குத்து விசேஷத்த அப்படியே போட்டுட்டு ஓடி வந்துருவே. ஷர்வின்தான் கார்ல ஏத்திட்டு வந்தான், இப்பவே போடுன்னு நின்னான். முகத்துக்கு நேரா எப்படி முடியாதுங்கிறது? அதான் மெதுவா ஓட்டுனேன். நீ இல்லாம இத எப்படிலா கேக்குறது?"

அவன் ஊசியில் இருந்த தூசியை ஊதினான்.

"நீயும் படிச்சிட்டேன்னு தெரியும். தட்டு கையில வந்தா நீ அங்கதானே முதல்ல பாப்பே. எங்க விஷயத்த அவன் முன்னாடி போட்டு உடைச்சிருவியோன்னு பயந்துட்டே இருந்தேன். அவன் வெக்கப்படுவான்னு நீ வாயே தொறக்கல பாரு. நல்ல மனசு மச்சான் உனக்கு."

அவன் ஊசியை இறக்கினான். டிரம்ஸ் தடதடவென்று ஓடி வந்தது. பாடியது ஆணே இல்லை, ஒரு சின்னப் பெண். நம்ம ஊர்த் தமிழில், ஒவ்வொரு சொல்லும் காதில் விழும்படி கத்தினாள்.

"பொம்பளப் புள்ளடா!" என்று கீத் கூவி என் தோளில் குத்தினான். "கனகு, பொம்பளப் புள்ளடா!"

அவன் சந்தோஷமாக என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. பாட்டு முடிகிறவரை நான் மடியில் இருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.