பதிவில் இல்லாத நிமிடம்

நாற்பதைத் தாண்டியும் குடும்பத்தில் அவள் குட்டிதான். அண்ணன் வைத்த பெயர். யூபிஎஸ் இயந்திரங்களை விற்றுப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. அண்ணன் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். சாப்பாட்டுத் தட்டை ஆறவிட்டு இருவரும் கெப்பாசிட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், "உங்க ரெண்டு பேர் கூட கரண்டும் சேர்ந்து பொறந்துச்சா?" என்று அண்ணி அலுத்துக்கொள்வாள்.

தொழிற்சாலையின் பெரிய யூபிஎஸ்ஸில் விசிறி மாற்ற அண்ணன் கையை உள்ளே விட்டபோது தீ வெடித்தது. இரண்டு கண்களும் போயின. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

"பிரேக்கரை இறக்கிட்டுத்தான் கை வெச்சேன் குட்டி," என்றான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகமெல்லாம் கட்டோடு. "கம்பெனிக்காரங்க இறக்கலைன்னு சொல்றாங்க. மெஷின்ல பதிஞ்சிருக்கும்ல? போய்ப் பாரு."

பதிந்திருக்கும். கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரை இறக்கினாலும் ஏற்றினாலும், சூடு கூடினாலும், விசிறி நின்றாலும் நொடி சுத்தமாகக் குறித்துக்கொள்ளும் இயந்திரம் அது. இறக்கியதாக ஒரே ஒரு வரி இருந்தால் போதும். பிரேக்கர்தான் உள்ளே ஒட்டிக்கொண்டு கரண்டை விட்டிருக்கிறது, அண்ணன் மேல் குற்றமில்லை என்றாகிவிடும்.

அந்தத் தொழிற்சாலை மேலாளருக்கு ஆட்கள் வைத்த பெயர் 'அவசரம்'. வாயைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சொல்தான். பழுதுபார்க்க நிறுவனம் அனுப்பிய குட்டியையும் அப்படித்தான் வரவேற்றார்.

"அவசரம்மா. ஒரு மாத்திரை வெளிய போகலை. சீக்கிரம் பாருங்க."

கரி படிந்த கதவைத் திறந்து பார்த்தாள். பிரேக்கர் உருகி ஒரே கட்டியாக இருந்தது. ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நினைவகம் மட்டும் தப்பியிருந்தது. லேப்டாப்பைச் செருகிப் பதிவை எடுத்தாள். அதன் முதல் வரியே விபத்துக்கு மறுநாள் காலையில்தான் தொடங்கியது. கோளாறு, நின்றது. கோளாறு, நின்றது. கடைசி வரை அதே பாட்டு.

"சார், தீப்பிடிச்சதுக்கு அப்புறம் மெஷினை ஆன் பண்ணீங்களா?"

"பண்ணாம? எத்தனையோ தடவை பண்ணிப் பார்த்தோம். உடனே உடனே நின்னு போச்சு."

"இதுல இடம் கொஞ்சம்தான். நிறைஞ்சா பழசைத் தள்ளிட்டுத்தான் புதுசை எழுதும். நீங்க போட்ட ஒவ்வொரு தடவையும் கோளாறு கோளாறா எழுதி, எங்க அண்ணனுக்கு அடிபட்ட அன்னிக்குப் பதிவையே தள்ளிடுச்சு."

அவர் முகம் வெளிறியது. "எனக்கு அது தெரியாதேம்மா..."

பொய் சொல்லவில்லை. நான்கு வார்த்தை திட்டலாமென்று வாய் துறுதுறுத்தது; அவர் நின்ற நிலையைப் பார்த்து அதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரிப் படியேறும்போதே முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணா, பதிவு இருக்கு. நீ இறக்கியிருக்கே."

கட்டுக்குக் கீழே உதடுகள் மலர்ந்தன. "பார்த்தியா! நேரம் என்ன போட்டிருக்கு?"

"பத்து..." என்று தொடங்கி நிறுத்தினாள். அதே தொழில் செய்பவனிடம் அந்தப் பொய் எத்தனை நேரம் நிற்கும்?

"ஆன் பண்ணிப் பார்த்துட்டாங்களா?" என்றான் மெல்ல.

"ஆமாண்ணா."

அன்றிலிருந்து அவனுக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் இடது கையை நீட்டி, காற்றில் எதையோ கீழே இழுப்பான். யோசிப்பான். மறுபடி இழுப்பான்.

விசாரணை அதிகாரி வீடு தேடி வந்தார். அண்ணி நாற்காலி போட்டாள்.

"பிரேக்கரை இறக்கினது உங்களுக்கு நிச்சயமா ஞாபகம் இருக்கா?"

அண்ணன் இடது கையால் காற்றில் ஒருமுறை கீழே இழுத்துப் பார்த்தான். "தினமும் இறக்குற கை சார். அன்னிக்கு இறக்கினது ஞாபகமா, வேற நாளு இறக்கினது ஞாபகமான்னு தெரியலை. மறந்திருப்பேன்னே எழுதிக்கோங்க."

"அண்ணா!" என்று குட்டி பதறினாள். "நீ மறக்குற ஆளா?"

"நீ அங்க இல்லையே குட்டி."

அதிகாரி எழுதிக்கொண்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்ட, அண்ணி அவனுடைய இடது கையைப் பிடித்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். பேனா கோட்டை விட்டு இறங்கி, மேசை விரிப்பின் மேல் ஓடி நின்றது.