மறுத்துக் கூச்சல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையில் என் கற்பனை குறைவு. நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுவதே என் பிழைப்பு. ஒரு நாள் காலை விமான நிலையத்துச் சோதனை வரிசையில், கழற்றிய பெல்ட் ஒரு கையிலும் நழுவும் கால்சட்டை மறு கையிலுமாக, ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அவளுக்கு நடந்ததை முழுக்கப் பார்த்தேன். நானும் ஒரு காரியம் செய்தேன். அதை இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு பேச்சை முறித்துக்கொள்வீர்கள் என்பதால் ஐந்தாம் பகுதியில் வைத்திருக்கிறேன். தாவிப் போய்ப் படிக்காதீர்கள். வரிசையில் வாருங்கள்.

எட்டு மாதமாக இதற்கு ஒரு தொடக்கம் தேடுகிறேன். கிழித்துப் போட்டவற்றில் சில:

"அதிகாலை வானம் சாம்பல் நிறத்தில்..." (அந்தக் கூடத்தில் ஜன்னலே கிடையாது. வானத்தை நான் எங்கே பார்த்தேன்?)

"அவன் அவளாகிப் பல வருடங்கள்..." (இது அங்கே இருந்த அதிகாரிகள் எழுதக்கூடிய வாக்கியம். என் பேனாவிலிருந்து வந்ததுதான் எரிச்சல்.)

"ஒரு திருநங்கையின் கண்ணீர்..." (அவள் அழவில்லை. அழுதிருந்தால் எழுதுவதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.)

2

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வினைச்சொல்லிலேயே மாட்டிக்கொள்கிறேன். நம் மொழியில் 'வந்தேன்' என்று சொல்வதற்கு ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. 'வந்தாய்' என்பதற்கும் கேட்பதில்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும், இன்னொருவர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசும்போதும் மொழி சும்மா இருக்கிறது. ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும்தான் 'வந்தானா, வந்தாளா' என்று நோண்டத் தொடங்குகிறது.

'வந்தார்' என்று எழுதித் தப்பிக்கலாம். மரியாதையாகவும் இருக்கும், ஒளிந்துகொள்ளவும் வசதி. அன்றைக்கு நான் தேவைக்கு மேலேயே ஒளிந்துவிட்டேன். அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன்.

3

வரிசையில் அவள் போனில் பேசியதைக் காதில் வாங்கியதில் தெரிந்தது: அவள் மருத்துவமனைகளுக்குப் போய் ஸ்கேன் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். இயந்திரங்களின் குணம் தெரிந்தவள் என்பதால் முந்தின நாளே யோசித்து உடுத்தியிருந்தாள். சட்டையில் உலோகப் பொத்தான் கிடையாது, நூல் முடிச்சுதான். கூந்தலில் ஊசிக்குப் பதில் துணி நாடா. காதில், கையில், கழுத்தில் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையில் அவள் பெயரும் 'பெண்' என்ற சொல்லும் சரியாக இருந்தன. அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை அலுவலகப் படி ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. ஏறாமல் கிடைத்திருக்காது.

பதினொன்றரை மணிக்கு வேறொரு ஊரில் அவள் தங்கைக்குப் பதிவுத் திருமணம். அவள் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். விமானம் ஏழு ஐம்பதுக்கு. ஏழரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். அதை விட்டால் அடுத்தது பிற்பகலில்தான். அவள் சோதனை இயந்திரத்தின் கூண்டுக்குள் நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு.

"வாங்கம்மா. கால் படம் போட்டிருக்குல்ல, அது மேல நில்லுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க" என்றாள் திரைக்கு முன்னால் இருந்த இளம்பெண். ஆள் உள்ளே நுழையும்போது திரையில் ஆண், பெண் என்று இருக்கும் இரண்டு பட்டன்களில் ஒன்றை அமுக்குவது அவள் வேலை. அவளைப் பட்டன்காரி என்று வைத்துக்கொள்வோம்.

இயந்திரம் ஒரு சுற்றுச் சுற்றியது. திரையில் ஒரு பொம்மை உருவம் வந்தது. அதன் இடுப்புக்குக் கீழே ஒரு மஞ்சள் கட்டம்.

[இந்த இடத்தில் மூன்று வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். உங்களுக்கு அது தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்ற முப்பது பேருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. எக்கி எக்கிப் பார்த்தார்கள். நானும் எக்கினேன். நீங்களாவது எக்காதீர்கள்.]

"கொஞ்சம் இப்படி வா. உள்ள என்ன வச்சிருக்க?"

'வாங்கம்மா' மூன்றே நொடியில் 'வா' ஆகியிருந்தது.

"ஒண்ணும் இல்லைங்க."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

"மெஷின் பொய் சொல்லாதுங்க. நீங்க எந்தப் பட்டன அமுக்குறீங்களோ அந்தப் படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும். எங்க மாறுதோ அங்க மஞ்சள் காட்டும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

தொழில் தெரிந்தவள் பேசுகிற குரல். மருத்துவமனைகளில் பதறிப்போய் நிற்பவர்களிடம் நூறு தடவை சொல்லிப் பழகியது. அடுத்த வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும் என்பது, பேசத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கும். இயந்திரத்தின் வாயை அடைக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த ஒரு வழியைத் தன் வாயால் கேட்டுவிடாமல் இத்தனை வருடம் வாழ்ந்து வந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐந்து.

"இன்னொரு பட்டன அமுக்கித் திரும்ப ஒரு தடவ விடுங்க" என்றாள் மெதுவாக.

"அப்போ நீ ஆம்பளையா?" என்றாள் பட்டன்காரி. மெதுவாக அல்ல.

4

(பட்டன்காரியைக் கொடுமைக்காரியாக எழுதிவிட ரொம்ப ஆசைப்பட்டேன். ஒரு வரைவில் அவளுக்கு நீள நகம்கூட வைத்தேன். உண்மையில் அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கண்ணில் தூக்கம். புது ஷூ கடித்ததில் ஒரு காலை மற்றொன்றின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அவளை வில்லியாக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும், நானும் வீட்டுக்குப் போய்விடலாம். விட மாட்டேன்.)

இன்னொரு தடவை இயந்திரத்தில் விட அவளுக்கு அதிகாரம் இல்லையாம். கையால்தான் தடவிப் பார்க்க வேண்டும். யார் கையால்? சோதனைக் குச்சி வைத்திருந்த நடுவயது ஆளை ஜாடை காட்டிக் கூப்பிட்டாள்.

அவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுல பெண்ணுன்னு போட்டிருக்கு. நான் தொட்டா என் வேலை போயிடும். நீதான் பாக்கணும்."

"ஐயோ, நான் தொட மாட்டேன்ணே. மேல இருந்து ஆள் வரட்டும். அதுவரைக்கும் அத ஓரமா நிக்கச் சொல்லுங்க."*

* நம் வீடுகளில் 'அது இன்னும் தூங்குது' என்று குழந்தையைக்கூடச் சொல்கிறோம். கொஞ்சலில் வருகிற 'அது' வேறு. அங்கே யாரும் யாரையும் கொஞ்சவில்லை.

அவளுடைய ட்ரேயும் என்னுடைய ட்ரேயும் ஒட்டினாற்போல் வெளியே வந்து நின்றன. என் ஷூவுக்குப் பக்கத்தில் அவள் போன் அதிர்ந்தது. 'குட்டிச்சாத்தான்' என்று திரையில் பெயர் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"எடுத்துக்கட்டுமாங்க? என் தங்கச்சி."

"அங்கேயே நில்லு. கை வைக்காத."

மூன்றாவது தடவை குச்சிக்காரரே எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஏன் போட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"அக்கா! உள்ள போயிட்டியா இல்லையா? அப்பா வரமாட்டேன்னுட்டாரு. சித்தியும் கையெழுத்துப் போடமாட்டாங்களாம். நீ வந்து சேர்ந்துடு தாயே, உன்ன விட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

கூடம் முழுக்கக் கேட்டது.

"யாரும்மா நீ?"

"அவங்க தங்கச்சி. நீங்க யாரு? அக்கா எங்க?"

"இவங்க உனக்கு அக்காவா, அண்ணனா?"

தங்கை சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக: "போன எங்க அக்காகிட்ட குடுங்க."

குச்சிக்காரர் போனை அணைத்து ட்ரேயில் போட்டார்.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கும் பொதுவாக, நான் காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் குரலில், "யாராவது ஒருத்தர் தொட்டுப் பாருங்க. யாரா இருந்தாலும் பரவாயில்ல. எனக்கு ஃப்ளைட் போயிடும்" என்றாள்.

ஒரு பெண் ஊரே பார்க்க இப்படிக் கேட்கும்படி ஆகிறது. எனக்கு வயிறு எரிந்தது. வயிறு மட்டும்தான் எரிந்தது, வாய் திறக்கவில்லை.

5

மேற்பார்வையாளர் வந்தபோது ஏழு பதினெட்டு. அவளைத் திரைச்சீலை போட்ட மறைவுக்குள் உட்காரச் சொன்னார். சீலை முழுசாக மூடவில்லை. பட்டன்காரியும் குச்சிக்காரரும் அவர் காதில் ஏதோ சொன்னார்கள்.

"இப்படிப்பட்டவங்க வெளிய போய் வீடியோ போடுவாங்க. நம்ம பக்கம் ஒரு பேப்பர் இருக்கட்டும்" என்று அவர் ஒரு படிவத்தை எடுத்தார். "ரெண்டு பயணிங்க சாட்சிக் கையெழுத்து வேணும். இருந்தா உக்கார வச்சு விசாரிக்கலாம். இல்லன்னா இப்பவே விட்டுட வேண்டியதுதான்."

ஒரு வரிதான் எழுதினார். எழுதி என்னிடம் நீட்டினார். "சார், நீங்க பக்கத்துலதான நின்னீங்க? போட்டுட்டுப் போயிட்டே இருங்க."

அந்த வரி இது: பயணி சோதனைக்கு ஒத்துழைக்க மறுத்து கூச்சல் போட்டான்.

நான் போக வேண்டியதும் அதே விமானம்தான். ஒரு நூல் வெளியீட்டு விழா. அழைப்பிதழின் கடைசி வரியில் நன்றியுரை என்று என் பெயர் போட்டிருந்தது. அழைப்பிதழில் என் பெயர் வந்தது அதுவே முதல் தடவை.

வரியை ஒருமுறை படித்தேன். அவள் மறுக்கவில்லை, தொட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினாள். கூச்சல் போட்டவள் பட்டன்காரி. 'போட்டான்' என்ற சொல்லின் வால் எப்படிப்பட்ட பொய் என்பதை கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தங்கை ஸ்பீக்கரில் சொல்லியிருந்தாள். ஒரே வரியில் மூன்று பொய். அத்தனையும் எனக்குத் தெரிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

கழற்றி, 'மறுத்து' என்ற சொல்லுக்கும் 'கூச்சல்' என்ற சொல்லுக்கும் நடுவில் ஒரு 'க்' போட்டேன்.

இலக்கணப்படி அங்கே ஒற்று மிகும். இருபத்தாறு வருடப் பழக்கம், கை தானாகப் போனது. மறுத்துக் கூச்சல். இப்போது சரி. அதன்கீழே கையெழுத்துப் போட்டேன்.

"சார் வாத்தியாரா?" என்று மேற்பார்வையாளர் சிரித்தார்.

"இல்லீங்க, ப்ரூஃப் பாக்குறவன்" என்று நானும் சிரித்தேன்.

திரைச்சீலையின் இடுக்கு வழியாக அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று எழுத இந்த இடத்தைப் பதினைந்து தடவை திருத்தியிருக்கிறேன். கோபம் இல்லை. அவள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

6

முடிவு.

(அ) அவளை விட்டுவிடுகிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். கேட் மூடப்போகும் தறுவாயில் உள்ளே நுழைகிறாள். பதினொன்றரைக்கு, 'குட்டிச்சாத்தான்' கன்னத்தைக் கிள்ள, கையெழுத்துப் போடுகிறாள். இதை நாலு விதமாக எழுதிப் பார்த்தேன், நாலும் நன்றாக வந்தன. இந்த முடிவு வேண்டியது அவளுக்கல்ல, எனக்கு. இரவில் நான் தூங்குவதற்கு.

(ஆ) விமானம் போய்விடுகிறது. பதிவு அலுவலகத்தில் தங்கை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எழுத்தர் அவசரப்படுத்துகிறார். யாரோ ஒரு முன்பின் தெரியாத ஆள், வேறு காரியமாக வந்தவர், இரக்கப்பட்டுச் சாட்சி போடுகிறார். படிக்காமலே போடுகிறார். பிறகு அக்கா போன் செய்யும்போது தங்கை, "பரவாயில்லக்கா, எல்லாம் நல்லபடியா..." (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

எது நடந்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆத்திரமாக இருக்கும். எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம், அவளும் ஏற வேண்டிய விமானம்தானே. முன்வரிசையில் என் இருக்கை. உட்கார்ந்ததும் முதுகுப் பையை மடியில் வைத்து அதற்குள் முகத்தைப் புதைத்து, இல்லாத பொருளைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தும்வரை தேடினேன். யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்க்கவில்லை. இறங்கியதும் முதல் ஆளாக ஓடினேன். நன்றியுரை நன்றாக இருந்தது என்றார்கள்.

7

ஆகவே முடிவு என் கையில் இல்லை. கைகழுவுகிறேன் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

படிவத்தில் சாட்சிக்கு இரண்டு கோடு இருந்தது. ஒன்றில் நான் போட்டுவிட்டேன். ஒற்றைக் கையெழுத்து செல்லாது. நான் ஷூவை அள்ளிக்கொண்டு நகர்ந்தபோது மேற்பார்வையாளர் எனக்குப் பின்னால் நின்றவர் பக்கம் திரும்பினார். அந்த ஆள் யார், என்ன செய்தார், தெரியாது. நான்தான் திரும்பிப் பார்க்கிற ஜாதியில்லையே.

அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். முதல் பகுதியிலிருந்து எனக்குப் பின்னால்தான் வரிசையில் வருகிறீர்கள். எல்லாவற்றையும் பார்த்தீர்கள், தங்கை பேசியதைக் கேட்டீர்கள். உங்களுக்கும் அதே விமானம், உங்களுக்கும் எங்கேயோ ஒரு அழைப்பிதழில் பெயர் இருக்கும். ஏழு இருபத்து மூன்று. "நீங்களும் பாத்தீங்கல்ல? இங்க ஒரு கையெழுத்து" என்று படிவம் உங்களிடம் வருகிறது. பேனா என்னுடையதுதான், வைத்துக்கொள்ளுங்கள். சீலை இடுக்கில் அவள் இப்போது உங்களைப் பார்க்கிறாள்.

ஒரே வரிதான், படித்துப் பாருங்கள். ஒற்றுப்பிழை இருக்காது. அதை நான் பார்த்துவிட்டேன்.