வேண்டாம் என்றதற்குக் கட்டணம்

அப்துல் சுக்கூர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். இது மூன்றாவது தடவை.

"இன்னொரு வாட்டி படிங்க," என்றார்.

ஏஜென்ட் காகிதத்தைத் திரும்பவும் கையில் எடுத்தார். அந்தப் பாங்குக் கிளைக்கு அவர்தான் தலைமை. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வருபவர். காலையில் இட்ட திருமண் சாயங்காலம் வரை கலையாமல் இருக்கும். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதுதான் சுக்கூருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இதமாகப் பேசிக்கொண்டே கழுத்தில் கத்தி வைக்கிற மனுஷரை என்ன செய்வது?

"'என் கணக்கில் சேர்ந்துள்ள வட்டியிலிருந்து ரூபாய் எழுபத்திரண்டு பெற்றுக்கொண்டேன். பாங்கு எனக்குத் தரவேண்டிய பாக்கி வேறு எதுவும் இல்லை.' இவ்வளவுதான் பாய். கையெழுத்துப் போட்டேள்னா கேஷியர் இப்பவே எண்ணிக் கொடுத்துடுவார்."

"நான் வட்டி கேக்கலீங்களே. நீங்க எடுத்த காசைத்தானே கேக்குறேன்."

"அதுக்கு ஹைகோர்ட் தீர்ப்பு வரணும். இதுக்கு எதுவும் வரவேண்டாம். எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தா என்ன, ரூபா ரூபாதானே?"

சுக்கூர் எழுந்துவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அந்த மைக்கூட்டை எங்கே வீசியிருப்பாரோ அவருக்கே தெரியாது.

பெரிய கடைவீதியில் தகரப் பெட்டி செய்கிற கடை அவருடையது. ஆறு வருஷத்துக்கு முன் இந்தப் பாங்கில் கணக்குத் தொடங்கியபோது, மார்க்கத்தில் விலக்கப்பட்ட காசு என்பதால், எனக்கு வட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். அதே வீதியில் அப்படி எழுதிக் கொடுத்த பாய்மார் நாற்பது பேர். பாங்குக்குக் கசக்குமா, சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. வேண்டாத வட்டியைத் தனிப் பேரேட்டில் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது, அது அதிகப்படி வேலை, அதற்குச் செலவு மாதம் ஒரு ரூபாய் என்று அவரவர் அசலிலேயே கைவைத்தது. பந்தியில் பாயசம் வேண்டாம் என்றவனிடம், வாளியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போன கூலியைக் கேட்ட மாதிரி. அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாஸ்புத்தகத்தில் இங்கிலீஷில் பொடியாக இரண்டு எழுத்து; கூட்டிக் கழித்த பிறகு மிச்சம். தகரம் வெட்டுகிறவனும் தோல் விற்கிறவனும் அதை எங்கே கண்டார்கள்?

கண்டுபிடித்தவர் குடைக்கடை காஜா மைதீன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், கோபமும் வரும். நாற்பது பேரையும் சேர்த்து வழக்குப் போட்டார். திருச்சி கோர்ட்டு பணத்தைத் திருப்பிக் கொடு என்றது. பாங்கு மதராஸ் ஹைகோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே வாய்தாவுக்கு மேல் வாய்தா. தீர்ப்பு வருவதற்குள் ஆட்களைக் கரைத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் காகிதம் அச்சடித்து வந்திருக்கிறது. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அவர்களில் ஒருவரும் இப்போது சுக்கூர் கடைப் பக்கம் வருவதில்லை; எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள்.

சுக்கூருக்கு மட்டும் இது வெறும் எழுபத்திரண்டு ரூபாய் இல்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் இருபது வருஷமாக அவரிடம்தான் பெட்டி வாங்கினார்கள். பச்சை வர்ணம் அடித்து, முன்பக்கத்தில் வெள்ளையில் பெயரும், அதன்கீழ் திருச்சி – பம்பாய் – ஜித்தா என்றும் அவரே எழுதிக் கொடுப்பார். இந்த வருஷம் தனக்கொன்றும் மனைவி ஷரபுன்னிசாவுக்கொன்றும் செய்து பெயர் எழுதிவிட்டார். பெட்டி தட்டியும், அவள் தையல் மெஷின் மிதித்தும் சேர்த்த காசில், இரண்டு பேருக்கும் போய்வர எழுபத்திரண்டு ரூபாய் குறைந்தது. கப்பலுக்குப் பணம் கட்டப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. கடனோடு அந்த மண்ணை மிதிப்பதாக இல்லை. காஜா மைதீன் தன் கைக்காசை நீட்டினார்.

"அண்ணே, இதை வாங்கிட்டா பாங்கு எடுத்ததை நீங்க கட்டுன மாதிரி ஆயிரும்," என்று சுக்கூர் மறுத்துவிட்டார்.

வீட்டில் ஷரபுன்னிசா ஹஜ்ஜில் உடுத்துகிற வெள்ளை இஹ்ராம் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். நம்ம காசு எந்தப் பையிலேருந்து வந்தாலும் நம்ம காசுதான், மனசுல நிய்யத்து சுத்தமா இருந்தாப் போதும்னாங்க."

"அப்புறம் என்ன?"

"அல்லாவுக்கு என் நிய்யத்து தெரியும். அந்தப் பேப்பருக்குத் தெரியாதே. வட்டி வாங்கினேன்னு இருக்கு, பாக்கி இல்லேன்னு இருக்கு. ரெண்டும் பொய். பொய்யில கையெழுத்துப் போட்டுட்டு அங்க போயி நிக்கச் சொல்றியா?"

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"அதுல பாதி நான் மெஷின் மிதிச்ச காசு. கால் வீங்கி மிதிச்சது. உங்க ரோஷத்துக்கு நான் ஏங்க கரையில நிக்கணும்?"

அவள் கேட்டது நியாயம். பாங்கின்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் ஒரு கணம் சுக்கூருக்குத் தன்மேலேயே திரும்பியது.

"நீ நிக்க வேணாம்," என்றார். "உன் அண்ணன் நசுருதீன் போறாரில்ல, அவரோட நீ போயிட்டு வா. ஒருத்தருக்குக் காசு இருக்கு. நான் நிக்கிறேன்."

மூன்று நாள் அவள் அவரிடம் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது. நாலாம் நாள் அவளுடைய பங்கை எடுத்துக் கப்பலுக்குக் கட்டினார். அவருடைய பங்கு பாங்கிலேயே கிடந்தது. அதிலிருந்து மாதம் ஒரு ரூபாய் போய்க்கொண்டும் இருந்தது.

பங்குனி வெயிலில் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிடக் கூட்டம் நெருக்கியது. பச்சைப் பெட்டியை நசுருதீன் பலகைக்கு அடியில் தள்ளினார். ஷரபுன்னிசா ஜன்னலோரம் உட்கார்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அங்கே போய்த் தங்களுக்காகவும் துஆ கேட்கச் சொல்லி ஆளாளுக்குச் சொன்னார்கள். சுக்கூர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளோடு போகவேண்டியவர், மாதம் ஒரு ரூபாய் திருடியவர்களால் பிளாட்பாரத்தில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

விசில் ஊதியதும் அவள் குனிந்தாள்.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள அதுல கையெழுத்துப் போட்டீங்க," என்றாள், "அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன்."

ரயில் போன பிறகு சுக்கூர் நேரே கடைக்கு வந்தார். தன் பெட்டியைத் தூசி தட்டித் தலையில் வைத்துக்கொண்டு பாங்குக்கு நடந்தார். பத்தரை மணி, உள்ளே நல்ல கூட்டம். கவுண்டருக்கு எதிரே, உள்ளே வருகிற எவர் கண்ணிலும் முதலில் படும் இடத்தில் இறக்கி, எழுத்துத் தெரியும் பக்கத்தை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஏஜென்ட் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பாய், இதெல்லாம் இங்கே வைக்கப்படாது. எடுத்துண்டு போங்கோ."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் இருக்கட்டுங்க. அன்னிக்கு வந்து எடுத்துக்கிறேன்."

"இது பாங்கு, பாய். பெட்டி வைக்கிற இடமில்லே."

"வாடகை ஏதாச்சும் ஆச்சுன்னா," சுக்கூர் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், "அந்த வட்டியிலேயே கழிச்சுக்குங்க."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். பியூன் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தபடி ஏஜென்ட் முகத்தைப் பார்த்தான். அவர் தூக்கு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற மண்ணச்சநல்லூர்க் குடியானவர் ஒருவர் குனிந்து, வெள்ளை எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, பாங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். அப்துல் சுக்கூர். திருச்சி. பம்பாய். ஜித்தா.

"ஏனுங்க," என்று நிமிர்ந்து ஏஜென்ட்டைக் கேட்டார், "இவரு இன்னும் கெளம்பலீங்களா?"